காருக்குள் டிஜிட்டல் மீட்டர் மாட்டப் போறீங்களா? பொருள் விலையை விட மாட்டுற விதம்தான் செலவு



முதல் கார் வாங்கின ஆறு மாசத்துக்குள்ள நம்ம கை சும்மா இருக்காது. சீட் கவர், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, டேஷ் கேமரா எல்லாம் முடிஞ்சதும் அடுத்து கண்ணுல படுறது அந்தச் சின்ன டிஜிட்டல் மீட்டர். இன்ஜின் சூடு, பேட்டரி வோல்டேஜ், ஆர்பிஎம் எல்லாத்தையும் கலர் கலரா காட்டும். ஆன்லைன்ல ரெண்டாயிரம், ரெண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. "இவ்வளவு தானே, வாங்கிடலாம்" என்று தோணும்.

கார் டிப்ஸ் சொல்றதுக்கு நிறைய சேனல் இருக்கு. நாம இங்கே பேசப்போறது பணக் கணக்கு. இந்த மாதிரி பொருளில் பெட்டியில் போட்டிருக்கும் விலை ஒரு ஆரம்பம்தான். அதை டேஷ்போர்டில் எங்கே மாட்டுறோம், கரண்ட் எங்கிருந்து எடுக்குறோம் என்ற ரெண்டு முடிவுதான் மொத்தச் செலவை நிர்ணயிக்கும். சரியா மாட்டினா நாலாயிரத்துக்குள் முடியும். தப்பா மாட்டினா வாரண்டி, இன்சூரன்ஸ், ரீசேல் மூணும் ஒரே நேரத்தில் அடிவாங்கும்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், இந்த மீட்டர் உங்களுக்குத் தேவையா?

நம்ம ஊர்ல ஓடுற பல பட்ஜெட் ஹேட்ச்பேக் கார்களில் இன்ஜின் சூட்டைக் காட்டுற முள் கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருந்தா ஒரு நீல விளக்கு, அளவுக்கு மீறி சூடானா ஒரு சிவப்பு விளக்கு. நடுவில் என்ன நடக்குது என்று டிரைவருக்குத் தெரியாது. சிவப்பு விளக்கு எரியும்போது பிரச்சனை ஏற்கெனவே முற்றியிருக்கும். அதைக் கவனிக்காம இன்னும் நாலு கிலோமீட்டர் ஓட்டினா ஹெட் கேஸ்கெட் போகும். இன்ஜினைப் பிரிச்சு வேலை பார்க்கணும். மாசச் சம்பளத்தில் பெரிய ஓட்டை.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினவங்களுக்கு இந்த பயம் நியாயமானது. பழைய ஓனர் கூலண்ட் ஊத்தினாரா, வெறும் தண்ணி ஊத்தினாரா என்று நமக்குத் தெரியாதே.

டிஜிட்டல் மீட்டர் இந்தத் தகவலை ஓபிடி போர்ட் வழியா எடுக்குது. ஸ்டீரியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கத்தில் 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டுறது அதில்தான். 2013-க்குப் பிறகு வந்த பெட்ரோல், டீசல் கார்களில் பெரும்பாலும் இது இருக்கும். அதில் வர்ற எண்களை எப்படிப் படிக்கணும் என்றால்:

- கூலண்ட் சூடு: வண்டி ஓடி சூடானதும் 85 முதல் 100 டிகிரி வரை ஏறி இறங்குறது சாதாரணம். டிராஃபிக்கில் நின்னா கொஞ்சம் ஏறும், ரேடியேட்டர் ஃபேன் ஓடினதும் இறங்கும். 110-ஐத் தாண்டி ஏறிக்கிட்டே போனா ஏசியை ஆஃப் பண்ணி, ஓரமா நிறுத்தி, இன்ஜினையும் ஆஃப் பண்ணுங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.
- பேட்டரி வோல்டேஜ்: வண்டி நிற்கும்போது 12.4 முதல் 12.6 வோல்ட் இருந்தா பேட்டரி நல்லா இருக்கு. இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்டணும். ஓடும்போதும் தொடர்ந்து 13-க்குக் கீழேயே நின்னா ஆல்டர்னேட்டரைக் காட்டுங்க. ஸ்மார்ட் ஹைபிரிட் மாதிரி மாடல்களில் வோல்டேஜை வண்டியே வேணும்னே ஏத்தி இறக்கும். அங்கே இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

உங்க காரில் ஏற்கெனவே டெம்பரேச்சர் முள் இருக்கா? அப்படின்னா இந்த மீட்டர் அழகுக்குத்தான். அழகுக்கு வாங்குறது தப்பில்ல. ஆனா அதை "பாதுகாப்பு" கணக்கில் எழுதாதீங்க, "பொழுதுபோக்கு" கணக்கில் எழுதுங்க.

வாங்கும் முன் ஒரு மாச டெஸ்ட்

நேரா மீட்டர் வாங்காதீங்க. ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் ஒன்று ஐந்நூறு முதல் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். நண்பரிடம் இருந்தா கடன் வாங்கினாலும் போதும். போர்ட்டில் சொருகி, போனில் ஒரு இலவச ஆப் போட்டா, மீட்டர் காட்டப்போற அதே எண்களைப் பார்க்கலாம். துளை போட வேண்டாம், வயர் இழுக்க வேண்டாம்.

ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க. மூணாவது வாரமும் நீங்க அந்த எண்களைக் கவனிச்சா மீட்டர் உங்களுக்குப் பயன்படும். முதல் வாரத்தோட மறந்துட்டீங்கன்னா ரெண்டாயிரம் ரூபாய் மிச்சம். உங்க கார் எந்தெந்தத் தகவலை வெளியே கொடுக்குது என்பதும் இந்த டெஸ்டிலேயே தெரிஞ்சிடும். சில கார்களில் மீட்டர் பெட்டியில் படம் போட்டிருக்கும் பாதி விஷயம் வரவே வராது.

உண்மையான விலை எவ்வளவு?

விலைகள் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். கணக்குப் புரியறதுக்காக ஒரு உதாரணம்:

- மீட்டர்: ரூ.2,500
- பியூஸ் டேப், வயர், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ்: ரூ.300
- மாட்டுறதுக்கான பிராக்கெட் அல்லது டம்மி மூடி: ரூ.400
- ஆட்டோ எலக்ட்ரீஷியன் கூலி: ரூ.500
- மொத்தம்: ரூ.3,700

அதாவது பொருள் விலையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவா, ரூ.1,200, மாட்டுறதுக்கே போகுது. இந்த 1,200 ரூபாயைத்தான் நிறைய பேர் மிச்சம் பிடிக்கப் பார்க்குறாங்க. "ஃபிட்டிங் ஃப்ரீ" என்று கடையில் சொன்னதும் சந்தோஷமா தலையாட்டுறாங்க. ஃப்ரீ ஃபிட்டிங்கில் பியூஸ் டேப் வராது. உங்க கார் வயரைச் சுரண்டி, ஒரு முறுக்கு முறுக்கி, மேலே கருப்பு டேப் சுத்துவாங்க. பிரச்சனை அங்கேதான் தொடங்குது.

புதுக் கார் வாங்குறவங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. டீலர் ஆக்சஸரீஸ் பேக்கேஜை ஆன்ரோடு விலையில் சேர்த்து, லோனுக்குள் தள்ளிவிடுவார். ரூ.20,000 பேக்கேஜை 9.5 சதவீத வட்டியில் 7 வருஷ லோனில் சேர்த்தா, மாசம் சுமார் ரூ.327 தான் கூடும். கேட்க சின்னதா இருக்கும். ஆனா 84 மாசம் கட்டி முடிக்கும்போது சுமார் ரூ.27,450 கொடுத்திருப்பீங்க. சீட் கவர் மூணு வருஷத்தில் கிழிஞ்சிருக்கும், ஈஎம்ஐ ஓடிக்கிட்டே இருக்கும். ஆக்சஸரீஸ் என்றாலே கைக்காசுதான், லோன் கிடையாது. இதை ஒரு விதியாகவே வச்சுக்கோங்க.

எங்கே மாட்டுறது? கழற்றினா தடம் தெரியக் கூடாது

இடம் தேர்வு செய்ய ஒரே ஒரு கேள்வி போதும்: "நாளைக்கு இதைக் கழற்றினா, இங்கே ஏதோ இருந்துச்சு என்று யாருக்காவது தெரியுமா?" தெரியாது என்றால் அது நல்ல இடம்.

1. டம்மி ஸ்விட்ச் மூடி. பேஸ் வேரியன்ட், மிட் வேரியன்ட் கார்களில் ஸ்டீரியரிங் பக்கத்தில் ஸ்விட்ச் இல்லாத காலிக் கட்டங்கள் ரெண்டு மூணு இருக்கும். அது ஒரு பிளாஸ்டிக் மூடிதான், விரலால் நெம்பினா வந்துடும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அதே மூடி தனியாவும் கிடைக்கும். புதுசா ஒன்று வாங்கி அதில் துளை போட்டு, சின்ன வோல்ட் மீட்டரையோ டிஸ்பிளேவையோ பதிச்சிடுங்க. ஒரிஜினல் மூடியை ஒரு கவரில் போட்டு கிளவ் பாக்ஸில் வச்சிடுங்க. விற்கும்போது பழைய மூடியைச் சொருகினா கார் ஷோரூமில் வந்த மாதிரியே இருக்கும்.

2. பழைய டிரிம் பேனல். மீட்டர் பெரிசா, வட்டமா இருந்தா டம்மி மூடியில் அடங்காது. பொதுவா வட்ட கேஜ்களின் அளவு 52 மில்லிமீட்டர். அதுக்கு பேனலை வெட்டித்தான் ஆகணும் என்றால், உங்க கார் பேனலை வெட்டாதீங்க. சென்னையில் இருக்கவங்களுக்கு புதுப்பேட்டை இருக்கு. அதே மாடலின் பழைய பேனல் ஒன்றைத் தேடி வாங்கி, அதை வெட்டி மாட்டுங்க. ஒரிஜினலைப் பரணில் போட்டு வைங்க.

3. பிரிண்ட் பண்ணின பிராக்கெட். இப்போ 3டி பிரிண்டரில் கார் மாடலுக்கு ஏத்த பிராக்கெட் செஞ்சு கொடுக்குறாங்க. எந்த பிளாஸ்டிக் என்று கேளுங்க. பிஎல்ஏ என்ற வகை மலிவு, ஆனா 60 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்தின காரின் டேஷ்போர்டு அந்தச் சூட்டை சுலபமா எட்டும். மதியம் ஆபீஸ் பார்க்கிங்கில் விட்டா சாயங்காலம் பிராக்கெட் வளைஞ்சு தொங்கும். ஏபிஎஸ் அல்லது ஏஎஸ்ஏ பிளாஸ்டிக் கேளுங்க.

4. ரெண்டு பக்க டேப். இதுதான் மலிவு, சரியா செஞ்சா போதுமானதும் கூட. சாதாரண ஃபோம் டேப் நம்ம வெயிலுக்கு நிற்காது. 3எம் விஎச்பி மாதிரி தரமான டேப் வாங்குங்க. ஒட்டுற இடத்தை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைங்க. டேஷ்போர்டுக்கு பாலிஷ் போட்டிருந்தா அந்த வழவழப்பு முழுசாப் போகணும். டேப் முழுப் பிடிப்புக்கு வர ஏறக்குறைய மூணு நாள் ஆகும். அதனால வெள்ளிக்கிழமை ராத்திரி ஒட்டிட்டு, வயர் இழுக்குற வேலையை திங்கட்கிழமைக்கு வைங்க.

மாட்டவே கூடாத இடங்களும் இருக்கு. டேஷ்போர்டில் ஏர்பேக் என்று எழுதியிருக்கும் மூடி மேலேயோ அதுக்கு நேர் எதிரேயோ எதையும் ஒட்டக் கூடாது. விபத்தில் ஏர்பேக் கண் இமைக்கும் நேரத்துக்குள் விரியும். அதன் மேலே இருக்குற மீட்டர் பக்கத்து சீட்டில் இருக்கவங்க முகத்தை நோக்கிப் பறக்கும். முன் கண்ணாடி ஓரத் தூணில் மீட்டர் வைக்கிற ஸ்டைலை வீடியோக்களில் பார்த்திருப்பீங்க. உங்க காரில் கர்ட்டன் ஏர்பேக் இருந்தா அந்தத் தூணைத் தொடாதீங்க. ஏசி வென்ட்டில் மாட்டினா காத்து தடைபடும். ஸ்டீரியரிங் மேலே மாட்டுறது பேச்சுக்கே இடமில்லை.

கரண்ட் எங்கிருந்து எடுக்குறது?

இந்தப் பகுதியை மட்டும் வேகமா கடந்து போயிடாதீங்க. கார் பேட்டரி 12 வோல்ட் தான், தொட்டா ஷாக் அடிக்காது. அதனால பலருக்கும் அலட்சியம். ஆனா இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போது அதே பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்ப் கரண்ட் கொடுக்குது. பியூஸ் இல்லாத ஒரு மெல்லிய வயர் உள்ளே எங்கேயாவது உராய்ஞ்சு பாடியைத் தொட்டா, அந்த வயர் ஹீட்டர் கம்பி மாதிரி சிவக்கும். பக்கத்தில் இருக்குறது பிளாஸ்டிக்கும் ஃபோமும்.

உங்களுக்கு மூணு வழி இருக்கு.

ஓபிடி போர்ட்டிலேயே சொருகுறது. ரொம்ப சுலபம். தகவலும் கரண்ட்டும் ஒரே கேபிளில் வந்துடும். ஒரு குறை: அந்தப் போர்ட்டில் சாவியை எடுத்த பிறகும் கரண்ட் இருக்கும். நல்ல மீட்டர் தானாகவே தூங்கிடும், மலிவானது தூங்காது. கணக்குப் பாருங்க. மீட்டரும் காரின் கடிகாரம், லாக் எல்லாமும் சேர்ந்து 60 மில்லிஆம்ப் இழுக்குது என்று வச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு 1.44 ஆம்ப் ஹவர். 12 நாளில் சுமார் 17. உங்க பேட்டரி 35 ஆம்ப் ஹவர் என்றால் பாதி காலி. பொங்கலுக்கு பஸ்ஸில் ஊருக்குப் போயிட்டு ரெண்டு வாரம் கழிச்சு வந்தா, ஏற்கெனவே வயசான பேட்டரி ஸ்டார்ட் ஆகாம நிற்கும். வீட்டிலிருந்து வேலை பார்க்குறவங்க, காரை வாரக்கணக்கில் எடுக்காதவங்க, ஆன் ஆஃப் ஸ்விட்ச் உள்ள கேபிளா வாங்குங்க. இல்லேன்னா கழற்றி வைங்க.

12 வோல்ட் சாக்கெட். சிகரெட் லைட்டர் சாக்கெட் என்று சொல்லுவோமே, அதுதான். டேஷ் கேமராவுக்கும், ஓபிடி தேவைப்படாத டயர் பிரஷர் டிஸ்பிளேக்கும் இது போதும். பெரும்பாலான கார்களில் சாவியை எடுத்ததும் கரண்ட் நின்னுடும். வயர் வெளியே தெரியும், அவ்வளவுதான். வாரண்டி உள்ள புதுக் கார் வச்சிருக்கவங்களுக்கு என் முதல் சிபாரிசு இது.

பியூஸ் டேப். வயர் வெளியே தெரியக் கூடாது என்றால் இதுதான் முறை. பியூஸ் பாக்ஸில் ஒரு பியூஸைப் பிடுங்கி, அந்த இடத்தில் பியூஸ் டேப்பைச் சொருகணும். அதில் ரெண்டு பியூஸ் உட்காரும்: ஒன்று பழைய வேலைக்கு, இன்னொன்று உங்க மீட்டருக்கு. கார் வயர் எதையும் வெட்ட வேண்டாம். கழற்றினா பழைய மாதிரி ஆகிடும். கவனிக்க வேண்டியவை:

- சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற பியூஸைத் தேர்வு செய்யணும். மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தா ஒரு நிமிஷத்தில் தெரிஞ்சிடும்.
- ஏர்பேக், ஏபிஎஸ் பிரேக், இன்ஜின் கன்ட்ரோல் சம்பந்தப்பட்ட பியூஸ்களில் கை வைக்கக் கூடாது. ஸ்டீரியோ, வைப்பர் மாதிரி பியூஸ்கள் பாதுகாப்பு.
- உங்க காரில் இருக்குற பியூஸ் அளவுக்கே டேப் வாங்கணும். மினி, லோ புரொஃபைல் மினி, மைக்ரோ என்று வகைகள் இருக்கு. ஒன்று இன்னொன்றில் சரியா உட்காராது. போட்டோ எடுத்துட்டுப் போய் வாங்குங்க.
- மீட்டர் அரை ஆம்ப் கூட இழுக்காது. அதுக்கு 2 அல்லது 3 ஆம்ப் பியூஸ் போதும். "பெரிசா போட்டா நல்லது" என்று யாராவது நீலக் கலர் 15 ஆம்ப் பியூஸ் போட்டா ஒத்துக்காதீங்க. பியூஸ் இருக்குறது வயரைக் காப்பாத்த. வயர் தாங்கும் அளவை விடப் பெரிய பியூஸ் போட்டா, பியூஸுக்கு முன்னாடி வயர் எரியும்.
- எர்த் வயரை, கம்பெனி ஏற்கெனவே எர்த்துக்குப் பயன்படுத்தியிருக்கும் போல்ட்டில் கொடுங்க. கண்ணில் பட்ட ஸ்க்ரூவில் கொடுத்தா மீட்டர் மினுக்கும், வோல்டேஜ் தப்பாக் காட்டும்.
- ஜாயின்ட் வந்தா ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்க. சாதாரண இன்சுலேஷன் டேப்பின் பசை நம்ம வெயிலில் உருகி, ஒரு வருஷத்தில் தானா அவிழும்.

டேஷ்போர்டுக்குள் மஞ்சள் நிறத்தில் கனெக்டர் பார்த்தீங்கன்னா, அது பெரும்பாலும் ஏர்பேக் லைன். அதைத் தொடாம வயரை வேற வழியில் இழுங்க. ஆரம்பிக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிடுங்க.

வாரண்டி: "எல்லாம் போச்சு" என்பதும் தப்பு, "ஒன்னும் ஆகாது" என்பதும் தப்பு

வாரண்டி புத்தகத்தை எடுத்து, எதெல்லாம் கவர் ஆகாது என்ற பக்கத்தைப் படிங்க. பொதுவா அங்கே, கம்பெனி அங்கீகரிக்காத பொருள் மாட்டினதாலோ வண்டியை மாத்தி அமைச்சதாலோ வந்த பழுதுக்கு வாரண்டி இல்லை என்ற அர்த்தத்தில் ஒரு வரி இருக்கும். மீட்டர் மாட்டினதுக்காக உங்க சஸ்பென்ஷன் வாரண்டி போகணும் என்று அர்த்தமில்லை. ஆனா எலக்ட்ரிக்கல் பழுது வந்து, சர்வீஸ் சென்டர்காரர் டேஷ்போர்டைத் திறந்ததும் கருப்பு டேப் சுத்தின முறுக்கு ஜாயின்ட் கண்ணில் பட்டா, "இதனாலதான்" என்று சொல்ல அவருக்கு ஒரு காரணம் கிடைச்சாச்சு. அது இல்லை என்று நிரூபிக்கிற வேலை உங்க தலையில்.

வயர் வெட்டலை, துளை போடலை, சொருகிக் கழற்றுற மாதிரி இருக்கு என்றால் அந்த வாக்குவாதமே வராது. சர்வீஸுக்கு விடும் முன் மீட்டரைக் கழற்றி வீட்டில் வைங்க. அவங்க ஸ்கேனருக்கும் அதே போர்ட்தான் வேணும்.

சட்டம் பற்றியும் ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சியில் பதிவான விவரங்கள் மாறுற அளவுக்கு வண்டியை மாத்தக் கூடாது என்கிறது. இன்ஜின், பாடி மாதிரி விஷயங்கள் அதில் வரும். உள்ளே ஒரு மீட்டர் ஒட்டுறது ஆர்சி விவரம் எதையும் மாத்துறதில்லை.

இன்சூரன்ஸ்: மூணு விஷயம் தெரிஞ்சுக்கோங்க

ஒன்று, எது கவர் ஆகும்? கார் பேக்கேஜ் பாலிசியில் தீ, தானாகப் பற்றி எரிவது எல்லாம் கவர் ஆகும். ஆனா எலக்ட்ரிக்கல் பிரேக்டவுன், அதாவது தீயோ விபத்தோ இல்லாம எலக்ட்ரிக்கல் பாகம் பழுதாகிறது, கவர் ஆகாது என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். தப்பான வயரிங்கால் காரின் கன்ட்ரோல் யூனிட் கருகினா அந்தச் செலவு உங்க பாக்கெட்டிலிருந்து. தீயே பிடிச்சாலும் சர்வேயர் வந்து, கம்பெனி வயரிங்கில் யார் கை வச்சாங்க என்று கட்டாயம் பார்ப்பார். பில்லும் பியூஸும் இல்லாத வயரிங் அங்கே உங்களுக்கு எதிரான சாட்சி.

ரெண்டு, விலை அதிகமான பொருளைச் சொல்லிடுங்க. காரோட வராம நீங்க தனியா மாட்டின ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர் மாதிரி எலக்ட்ரிக்கல் பொருள்களுக்கு பாலிசியில் தனி இடம் இருக்கு. ஐஎம்டி 24 என்ற எண்டார்ஸ்மென்ட். இந்திய மோட்டார் டாரிஃப்படி அந்தப் பொருளின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். ரூ.15,000 ஸ்டீரியோவுக்கு ரூ.600, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா ரூ.708. ரின்யூவல் நேரத்தில் பில்லைக் கொடுத்துச் சேர்த்துடுங்க. சொல்லாம விட்டா திருட்டு போனாலும் அந்தப் பொருளுக்குக் காசு வராது.

மூணு, சின்னப் பொருளுக்கு கிளெய்ம் போடாதீங்க. இதுதான் நிறைய பேர் கோட்டை விடுற இடம். ரூ.3,700 மீட்டர் போச்சு, பாலிசியிலும் சேர்த்திருக்கீங்க, கிளெய்ம் போடுறீங்க என்று வச்சுக்கோங்க. 1500 சிசி வரையுள்ள காருக்கு கட்டாயக் கழிவு ரூ.1,000. தேய்மானம் வேற. கைக்கு வர்றது ரெண்டாயிரம் சொச்சம். ஆனா போறது என்ன? நோ கிளெய்ம் போனஸ்.

உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் ரூ.8,000, போனஸ் 50 சதவீதம் என்றால் வருஷம் ரூ.4,000 மிச்சம் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க. ஒரு கிளெய்ம் போட்டதும் அது பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று படிப்படியா ஏறித்தான் திரும்ப 50-க்கு வரும். அந்த வருஷங்களில் நீங்க இழக்கிறது: 50, 30, 25, 15, 5. கூட்டினா 125 சதவீதம். பிரீமியம் மாறாம அதே 8,000 என்று வச்சாலே ரூ.10,000. ரெண்டாயிரம் வாங்கப் போய் பத்தாயிரத்தைத் தொலைக்கிற கதை இது. போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுத்திருந்தா மட்டும் கணக்கு மாறும்.

அதனால, தொலைஞ்சா கைக்காசில் வாங்கிக்கலாம் என்ற அளவில் மட்டும் சின்ன ஆக்சஸரீஸ் வாங்குங்க.

கடையில் என்ன கேட்கணும்?

சென்னையில் ஜி.பி. ரோடாக இருந்தாலும் உங்க ஊர் பைபாஸ் கடையாக இருந்தாலும் உரையாடல் ஒரே மாதிரிதான் இருக்கும். "தம்பி, ரெண்டே வயர், பத்து நிமிஷம்" என்பார் அண்ணன். நீங்க பொறுமையா கேட்க வேண்டியது இவ்வளவுதான்:

1. "அண்ணா, கரண்ட் எங்கிருந்து எடுக்குறீங்க? பியூஸ் டேப் போடுவீங்களா?"
2. "கம்பெனி வயர் எதையாவது வெட்டுவீங்களா?"
3. "எத்தனை ஆம்ப் பியூஸ்?"
4. "டேஷ்போர்டில் துளை வருமா?"
5. "கூலிக்கும் சேர்த்து பில் கிடைக்குமா?"

ரெண்டாவது, நாலாவது கேள்விக்கு "ஆமா" என்று பதில் வந்தா, "பரவாயில்லண்ணா, பியூஸ் டேப் நானே வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிட்டு வந்துடுங்க. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். வேலை தெரிஞ்ச பையன் வந்திருக்கான் என்று இன்னும் ஒழுங்கா செய்வார். வேலை முடியும்போது பியூஸ் பாக்ஸையும் வயர் போற வழியையும் போனில் நாலு போட்டோ எடுத்து, பில்லோட ஒரே ஃபோல்டரில் போட்டு வைங்க. வாரண்டி, இன்சூரன்ஸ், ரீசேல் எல்லாத்துக்கும் அது உதவும்.

யார் இப்போதைக்குத் தள்ளிப்போடலாம்?

- டயர் தேய்ஞ்சிருக்கு, பேட்டரிக்கு நாலு வயசு ஆச்சு என்றால் முதல் காசு அங்கே போகட்டும்.
- மூணு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் இல்லை என்றால் மீட்டர் காத்திருக்கட்டும்.
- கிரெடிட் கார்டு ஈஎம்ஐயில்தான் வாங்க முடியும் என்றால், அந்தப் பொருள் இந்த மாசம் உங்களுக்கானது இல்லை.

இதெல்லாம் சரியா இருக்கு, டாங்கிள் டெஸ்டும் பாஸ் என்றால் தாராளமா வாங்குங்க. ரூ.3,700 கொடுத்து, கூலண்ட் கசிவை ஒரு தடவை சீக்கிரம் கண்டுபிடிச்சாலே அந்தக் காசு திரும்ப வந்தாச்சு.

உங்க கார் மாடலில் டம்மி மூடி எங்கே இருக்கு, பியூஸ் டேப் எந்த அளவு பொருந்தும் என்று தெரிஞ்சவங்க கமென்ட்டில் எழுதுங்க, அதே மாடல் வச்சிருக்கவங்களுக்கு உதவும். மல்டிமீட்டர் வச்சு சரியான பியூஸைக் கண்டுபிடிக்கிறது எப்படி என்பதை நம்ம சேனல் வீடியோவில் செஞ்சு காட்டியிருக்கோம். கடைக்குப் போகும் முன் ஒரு தடவை பார்த்துட்டுப் போங்க.